டொலர் குத்தி மறைந்த விதம்

மாமாவின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் நின்றது. திரையில் என்னுடைய வலக்கை, விரல் நுனியில் ஒரு டொலர் நாணயக் குத்தியுடன், பாதி வழியில் உறைந்து கிடந்தது.

"இப்ப பிடிக்கிறன் பார் கள்ளனை," என்றார் மாமா.

கள்ளன் நான்தான். அவருக்குப் பக்கத்தில், அவருடைய சோபாவில், மாமி பொரித்த ரோல்ஸைத் தின்றுகொண்டு மிகவும் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். பிடிபடமாட்டேன் என்ற நம்பிக்கை எனக்கு. விஞ்ஞானம் என் பக்கம் அல்லவா?

அது ஒரு ஞாயிறு பின்னேரம். வெளியே கனடாவின் ஸ்காபரோ முழுக்க ஊத்தைப் பனி. உள்ளே ஹீற்றரின் உஷ்ஷும் எண்ணெய் மணமும். அம்மாவின் தம்பியாகிய மாமா வீட்டு வரவேற்பறையில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று குடும்பத்தோடு வந்திறங்கியிருந்தோம். மாமாவின் கடைசி மகன் டிலக்சனுடைய பிறந்தநாளை கொஞ்ச நாளைக்கு முன் மண்டபம் எடுத்துக் கொண்டாடியிருந்தார்கள். அதன் வீடியோக் கசெற் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பிள்ளை பிறந்ததை விட, பிறந்தநாள் கசெற் வந்ததற்குத்தான் அந்த வீட்டில் சந்தோஷம் அதிகம்.

மாமாவுக்கு அதில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, நான் மேடையில் காட்டிய மஜிக்கைக் கண்டுபிடிப்பது. மற்றது, கசெற்றை ஒரு கொப்பி எடுத்து சுவிசுக்கு அனுப்புவது. சுவிசில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பொம்பிளை நடந்து திரிவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பொம்பிளை என் அக்கா சுகந்தி. படத்தில் பார்த்தாயிற்று, இனி நடையைப் பார்க்க வேண்டுமாம். அக்காவிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவள் கம்பளத்தில் உட்கார்ந்து, கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிசிக்ஸ் என்றால் என்ன வேலை?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். எனக்கு முந்தியவர்கள் எல்லோரும் முடிக்காமலே வெளியே வந்தவர்கள். அப்பா ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் மெசின் ஓட்டினார். அக்கா, நான் படிக்கட்டும் என்று, தன் படிப்பை விட்டுப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை யூனிவேர்சிற்றிக்கு அனுப்பினார்கள். நானோ அங்கே போய், எவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பிசிக்ஸ் படிச்சா பாலம் கட்டலாமோ?" என்று மாமா கேட்பார்.

"இல்லை மாமா, அது வேறை."

"ஊசி போடலாமோ?"

"அதுவும் வேறை."

"அப்ப என்னத்தைத்தான் மருமோன் செய்யலாம்?"

"ஏன் எண்டு விளங்கப்படுத்தலாம்."

மாமா அப்பாவைப் பார்ப்பார். அப்பா சுவரைப் பார்ப்பார். இந்த உரையாடலும் வடையும் இல்லாமல் எங்கள் வீட்டுக் கொண்டாட்டம் எதுவும் நடக்காது.

டிலக்சனின் பிறந்தநாள் வந்தபோது அப்பா என்னைக் கேட்காமலே மாமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். "இவன் படிக்கிறதை வைச்சு மேடையிலை என்னமோ செய்து காட்டுவானாம்." நான் எப்போதோ சாப்பாட்டு மேசையில் ஒரு கரண்டியை வைத்து விளையாடியதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார். மறுக்க முடியுமா? அந்த மனிதர் என்னைப் பற்றிச் சபையில் சொல்வதற்கு ஒரு வசனம் தேடிக்கொண்டிருந்தார்.

குளியலறைப் பல்கலைக்கழகம்

நூலகத்தில் ஒரு தடித்த மஜிக் புத்தகம் எடுத்துவந்தேன். படித்துப் பார்த்தால் எல்லாம் நான் படிக்கிற பாடம்தான். காற்று அழுத்துகிறது, பாரமானது அசைய மறுக்கிறது, வெளிச்சம் வளைகிறது. மிச்சமெல்லாம் கண்ணின் அசட்டுத்தனம்.

கண்ணைப் போல ஒரு சோம்பேறி உடம்பில் இல்லை. எரிகிற பல்பைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிப் பாருங்கள், பல்பு உள்ளேயும் எரியும். பளபளப்பான ஒரு பொருளைக் காட்டிவிட்டுச் சட்டென்று ஒளித்தால், அது போய்விட்ட செய்தி மேலிடத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்துக்குள் கை தன் வேலையை முடித்துவிட வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த வித்தை இதுதான். மஞ்சளாக மின்னுகிற ஒரு டொலர் குத்தியை வலக்கை விரல்களில் பிடித்துக் காட்டுவது. அதை இடக்கைக்குள் வைப்பது போல வைத்து, வைக்காமல் வலக்கையிலேயே மறைத்துக்கொள்வது. இடக்கையைப் பொத்தி, அதையே உற்றுப் பார்ப்பது. நான் எங்கே பார்க்கிறேனோ, சபை அங்கேதான் பார்க்கும். குத்தி இடக்கைக்குள் போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சத்தியமே செய்யும். பிறகு ஊதித் திறந்தால் வெறுங்கை.

எங்கள் அபார்ட்மென்ற் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று பழகினேன். கண்ணாடியில் இருந்தவன் ஒரு தரமும் ஏமாறவில்லை. குத்தி வலக்கையிலேயே நிற்பது எனக்கே பச்சையாகத் தெரிந்தது.

வெளியே அக்கா கதவில் அடிப்பாள். "டேய், உள்ளை என்னடா செய்யிறாய்? வேலைக்குப் போறவைக்கும் பல் இருக்கு!"

"படிக்கிறன் அக்கா!"

"பாத்றூமிலை குத்தி விழுகிற சத்தம் கேக்குது. அதுவும் பாடத்திலை வருதோ?"

தங்க எழுத்தில் அழைப்பிதழ்

இந்த இடத்தில் அந்தக் காலத்து வீடியோக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஆட்களின் எந்த விழாவிலும் அவர்கள்தான் தலைவர்கள். ஒருவர் கமெராவைத் தோளில் வைத்திருப்பார். மற்றவர் ஹலோஜன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார். ஐயர் மந்திரத்தை நிறுத்த மாட்டார், ஆனால் வீடியோக்காரர் "ஒருக்காப் பொறுங்கோ ஐயா" என்றால் நிறுத்துவார். டிலக்சன் அன்றைக்கு ஒரே கேக்கைத் திரும்பத் திரும்ப வெட்டினான். கடைசியில் அழுதுகொண்டு வெட்டினான். அதுதான் நன்றாக வந்ததென்றார்கள்.

கேக்குக்காக மண்டபத்து விளக்குகளைத் தணித்திருந்தார்கள். மேடையில் வெளிச்சம் என்றால் அந்த ஹலோஜன் ஒன்றுதான். ஒலிவாங்கியில் மாமா என்னை அறிமுகப்படுத்தினார்: "எங்கடை மருமோன் பிசிக்ஸ் படிக்கிறார். அது என்னெண்டு இண்டைக்கு எங்களுக்கும் தெரியவரும்."

முதல் வித்தை காற்றின் அழுத்தம். கிளாஸ் நிறையத் தண்ணீர், வாயில் ஒரு கடதாசி மட்டை, தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. கீழிருந்து காற்று மட்டையைத் தாங்கும். எந்த வீட்டிலும் செய்யலாம். எங்கள் வீட்டில் மட்டும் செய்யக்கூடாது. ஏனென்றால், எடுத்துவைத்த மட்டையை வீட்டு மேசையில் மறந்துவிட்டு, கைக்கு அகப்பட்ட பிறந்தநாள் அழைப்பிதழை எடுத்தேன். எங்கள் அழைப்பிதழ்களை நீங்கள் அறிவீர்கள். நடுவில் மடிப்பு. முகப்பில் தங்க முலாமில் பிள்ளையார், தும்பிக்கை முதற்கொண்டு புடைத்துக்கொண்டு நிற்பார். கிளாஸ் வாய்க்கும் பிள்ளையார் வயிற்றுக்கும் இடையில் காற்று புகத் தாராளமான பாதை.

கவிழ்த்தேன். தண்ணீர் முழுவதும் முன்வரிசையில் இருந்த மாமியின் பட்டுச்சேலை மடியில் போய் விழுந்தது.

"ஐயோ, என்ரை காஞ்சிபுரம்!"

"இதுதான் பிசிக்ஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பர் கோப்பையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

மிஞ்சியது குத்தி ஒன்றுதான். கண்ணாடியில் ஒருநாளும் சரிவராத வித்தை.

குத்தியை எடுத்தேன். ஹலோஜனில் அது தணல் போல மின்னியது. இடக்கைக்குள் வைப்பது போல வைத்தேன். பொத்தினேன். உற்றுப் பார்த்தேன். ஊதினேன். திறந்தேன்.

மண்டபம் "ஓ..." என்றது. அது மரியாதைக்குச் சொன்ன ஓ அல்ல. வயிற்றிலிருந்து வந்த ஓ. டிலக்சனின் காதிலிருந்து குத்தியை எடுத்தபோது விசில் பறந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து ஆளிடம் அவர் ஏதோ சொன்னது வாயசைவில் தெரிந்தது. "பிசிக்ஸ்."

நாலு ஹெட்

அந்த ஓ-வைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. அவர் அந்த வருடம் வாங்கிய வீடியோ பிளேயருக்குக் கசெற்றைப் படிக்க நாலு ஹெட் இருந்தது. மெதுவாக ஓட்டலாம், நிறுத்தலாம், ஒவ்வொரு படமாக நகர்த்தலாம். மனிதரின் கண் சோம்பேறி. நாலு ஹெட்டுக்குச் சோம்பல் கிடையாது.

"அத்தான், வடிவாப் பாருங்கோ," என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு படம் தள்ளினார். குத்தி மின்னியது. இன்னொரு படம். வலக்கை இடக்கையை நெருங்கியது. இன்னொரு படம்.

கை இருண்டுவிட்டது.

"உதென்ன கோதாரி? முக்கியமான இடத்திலை இருட்டு!"

திரும்ப ஓட்டினார். திரும்பவும் அதே இடத்தில், குத்தி கைமாற வேண்டிய அந்தக் கணத்தில், என் மேலிருந்த வெளிச்சம் நழுவிப் போயிற்று. கொஞ்சத்தில் திரும்பி வந்தது. வந்தபோது இடக்கை பொத்தியிருந்தது.

கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். மண்டபத்தை ஏமாற்றியது என் விரல்கள் அல்ல. தணல் மாதிரி மின்னிய குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு முன்னால் யாரோ வெளிச்சத்தை எடுத்துவிட்டார்கள். இருட்டில் அந்தக் கண்கள் தங்களுக்குள் மிஞ்சியிருந்த குத்தியையே இடக்கைக்குள் போகப் பார்த்திருக்கின்றன. குளியலறையில் அது சரிவராததற்குக் காரணம், குளியலறை பல்பு எங்கேயும் திரும்பாது.

சரி, அந்த வெளிச்சம் எங்கே போனது? என் கை இல்லாத மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். திரையின் இடது ஓரம். தூணடியில், கேக் தட்டுகளோடு, அக்கா.

ஹலோஜன் முழுவதும் அவள் முகத்தில் இருந்தது. அவள் நேரே வெளிச்சத்தைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். வெளிச்சம் மேலும் கீழுமாகத் தலையாட்டியது. அக்கா சிரித்தாள். வெளிச்சம் அவசரமாக என் பொத்திய கைக்குத் திரும்பிவந்தது.

மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. எவரும் காணவில்லை. இப்போது திரையிலும் எவரும் காணவில்லை, எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். கம்பளத்தில் அக்காவைப் பார்த்தேன். அவள் கால்விரலை விட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டைக் கூட்டிக் குறைக்கலாம், பொறுங்கோ," என்று மாமா திரும்பவும் அந்த இருட்டில் படத்தை நிறுத்திவிட்டு, எழுந்துபோய் ரிவியின் வெளிச்சத்தைத் திருகினார். மங்கலாயிருந்ததெல்லாம் துலங்கத் தொடங்கியது. தூண் துலங்கியது. தட்டுகள் துலங்கின. "ஏன் உந்த லைட் அங்கால போகுது? அங்கால என்ன கிடக்கு?"

விஞ்ஞான விளக்கம்

நான் பாய்ந்து போய் ரிவிக்கு முன்னால் நின்றேன். திரையின் இடது பக்கத்தை என் முதுகால் மறைத்துக்கொண்டு, வலது பக்கத்தில் விரலை வைத்தேன்.

"மாமா, இஞ்சை பாருங்கோ. நானே சொல்லுறன்."

"விலகடா, பாக்கிறன்."

"உங்களுக்குக் கண்டுபிடிக்கேலாது. இந்தப் பெருவிரலைப் பாருங்கோ. குத்தி இடக்கைக்குப் போகவே இல்லை. வலக்கையிலைதான் நிக்குது. பாருங்கோ, விரலுக்குப் பின்னாலை விளிம்பு தெரியுது."

மஜிக் புத்தகத்தின் முதற்பக்கத்தில் செய்யக்கூடாது என்று போட்டிருந்த ஒரே காரியம் அது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து பார்த்தார். விளிம்பைக் கண்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு கீழ் மாடிக்கும் கேட்டிருக்கும்.

"போகவே இல்லையோ! கையுக்கை ஒளிச்சு வைச்சிருந்தியோ! அத்தான், கேட்டியளே? உதுதானாம் பிசிக்ஸ்! உதை என்ரை ஊரிலை சந்தையிலை நிக்கிற முடிச்சுமாறியும் செய்வான்!"

மாமிக்குக் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது. "அதுக்குத்தானோ இவ்வளவு படிப்பும்?"

அப்பா சுவரைப் பார்த்தார். பிறந்தநாளில் எழுந்து நின்ற மனிதர் இப்போது சோபாவுக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்துபோனார். அக்காவின் பக்கம் போக இருந்த எல்லாக் கண்களும் என்மேல் இருந்தன. வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரே கண்கட்டு அதுதான், அதற்குக் கைதட்டல் கிடையாது.

"பெட்டை பெட்டி அடுக்கி உழைச்ச உழைப்பெல்லாம் உந்தக் கள்ளக் கைக்குப் போச்சு," என்று மாமா கண்ணைத் துடைத்தார். "சரி, உதையும் சேத்தே சுவிசுக்கு அனுப்புவம். மாப்பிள்ளை வீட்டுக்காரரும் சிரிக்கட்டும். இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்."

ரிமோட்டை நீட்டினார்.

"கையைப் பாக்காதேங்கோ மாமா," என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினோம். அவள் எழுந்து நின்றாள்.

"அவன் எனக்காகத்தான் மறைச்சுக்கொண்டு நிக்கிறான். டேய், விலகு. லைட் எங்கை போகுதெண்டு கேட்டியளே, நல்லாப் பாருங்கோ. லைட் பிடிக்கிறவர் பேர் ரூபன். சுவிசுக்கு ஒண்டும் அனுப்பத் தேவையில்லை."

நான் விலகினேன். வேறு என்ன செய்வது? படம் ஓடியது. நாக்கு நீண்டது, வெளிச்சம் தலையாட்டியது, அக்கா சிரித்தாள். இந்த முறை அந்த அறையில் எவரும் என் கையைப் பார்க்கவில்லை.

மாமாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "ஆர் உவன்? எந்த ஊர்? ஆற்றை பெடியன்? மண்டபத்திலை நான் மூஞ்சையையே காணேல்லையே!"

காண முடியாது. ஹலோஜன் பிடித்திருப்பவனைப் பார்த்தால் கண் கூசுமே தவிர, ஆள் தெரியாது. பெடியன் தேர்ந்தெடுத்த இடம் உலகத்திலேயே பாதுகாப்பான இடம். இதை விளக்கலாமென்று வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அப்பாவின் கேள்வி

அப்பா கையை நீட்டி மாமாவிடமிருந்து ரிமோட்டை வாங்கினார். எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் என்னிடம் தந்து, "அந்த இடத்திலை நிப்பாட்டு," என்றார்.

நிப்பாட்டினேன். அக்கா சிரித்தபடி நின்றாள். நாலு ஹெட் இயந்திரத்தில் படம் கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்பா முன்னுக்குச் சரிந்து அதை வெகுநேரம் பார்த்தார். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. வேலையால் வந்து காலை நீட்டிப் படுப்பவள் அவள்.

"உவன் பகல்லை என்ன வேலை?" என்று கேட்டார் அப்பா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அக்கா சொன்னாள்: "உங்கடை பக்டரிதான் அப்பா."

"என்ரை பக்டரியோ?"

"உங்களுக்கு அடுத்த மெசின்."

அப்பா திரும்பினார். யோசித்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தன் இடத்தில் போய் உட்காருவது தெரிந்தது.

"கறுத்தத் தொப்பி போட்டவனோ?"

"ஓம்."

"பிரேக்குக்குப் பிரேக் எனக்கு ரீ வாங்கித் தாறவன்."

"ஓம் அப்பா."

"மரியாதையான பெடியன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்!"

இதுவரை பேசாமலிருந்த அம்மா கேட்டாள்: "எவ்வளவு காலமா வாங்கித் தாறான்?"

"போன வின்ரரிலை இருந்து."

"ஒரு வருசமா அவன்ரை ரீயைக் குடிச்சுப்போட்டு, இனி என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுவியள்?"

மாமா ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். திரும்பவும் திரையைப் பார்த்தார். பிறகு, அக்காவுக்குத்தான், ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"சீனி கூடப் போட்டுத் தாறவன். அதை முதல்லை நிப்பாட்டச் சொல்லு."